பின் டிரம்மைத் திறந்தால்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், முடியாது போலிருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். மஹிந்திரா கமாண்டர், மேஜர் மாதிரியான பழைய வண்டிகள். தோட்டம் இருப்பது 7,000 அடிக்கு மேலே. ஏற்றத்தை இன்ஜின் பார்த்துக்கொள்ளும். இறக்கம்தான் பிரேக்கின் பாடு. இப்படி ஓடும் வண்டிக்குப் பின் பிரேக் ஷூ மாற்ற வருகிறவர்கள் பலரும் ஒரு ஷூ செட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஷூ தேய்வது இயல்பு. ஆனால் தேய்ந்துதான் போனதா, நனைந்து போனதா என்று பார்க்காமல் புதுசை மாட்டினால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்று. வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் தனி டிரம். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சுற்றும், தரையில் இருப்பது உருளும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே என்று வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை, ஆக்ஸிலுக்கு ஸ்டாண்ட், அப்புறம்தான் ஸ்பேனர்.

டிரம் வரவில்லை என்றால் உடனே சுத்தியலைத் தேடாதீர்கள். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு விளிம்பு நிற்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலே பாதி டிரம்கள் வந்துவிடும். ஆக்ஸில் முனை கூம்பாக இருக்கும் வகையில் டிரம் ஹப்போடு சேர்ந்து வரும். அதற்குப் புல்லர் வேண்டும். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரை விட்டு வையுங்கள். ஹப் விடுபடும்போது வெடித்தாற்போல் வரும், நட்டு இருந்தால் அங்கேயே நிற்கும். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, ஈரத்துணியால் துடையுங்கள்.

இப்போது முக்கியமான இடம். லைனிங் பளபளவென்று ஈரமாக இருந்தால் அது எங்கிருந்து வந்த ஈரம்? வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் கப் போய்விட்டது, கசிவது பிரேக் ஆயில். மூடி காய்ந்திருந்து, ஹப் பக்கத்திலிருந்து கெட்டியாக, கந்தக வாடையோடு வழிந்திருந்தால் அது ஆக்ஸில் ஆயில், சீல் போயிருக்கிறது. ஆக்ஸிலின் காற்றுக்குழாய் சேற்றில் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலும் கசியும், அதையும் பாருங்கள். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவர்கள் உண்டு. சூடேறியதும் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைத் தூக்கிப் போடுவதே மேல்.

முன்பக்க ஷூவை டிரம்மின் சுழற்சியே தன்னோடு இழுத்து இன்னும் அழுத்தும். அதனால் இரண்டும் ஒரே அளவாகத் தேயாது, சில செட்டில் லைனிங் நீளமே வேறு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டை என்ற சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கமே பதில் சொல்லும். ஆனால் மாற்றுவது இரு பக்கமும்தான். டிரம்மை லேத்தில் கடையலாம். அதில் குறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறி விரியும், பெடல் தாழும்.

பிறகு பிரேக் லைனிலிருந்து ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் ஆரம்பிப்பது வழக்கம். நம் வண்டிகளில் அது பின் இடது. ஆயிலை மிச்சம் பிடிக்காதீர்கள். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியது 140லேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சாகப் போவது இதனாலும்தான்.

அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, லேசான உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், அந்தப் பக்கம் அட்ஜஸ்டரை இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும்.