மனச்சோர்வும் அதற்குரிய மருந்தும்

மரவள்ளியில் மாவுப்பூச்சி கண்டால் ஆத்தூர் வட்டார விவசாயிகள் தாமதமின்றி வேளாண்மை அலுவலரை நாடுகின்றனர். ஆனால், வீட்டில் ஒருவர் உறக்கமும் பசியுமின்றி, எதிலும் நாட்டமின்றி முடங்கிக் கிடந்தால், சோம்பல் என்றும் பேய்க்கோளாறு என்றும் சொல்லி மாதங்களைக் கடத்திவிடுகிறோம். இதுவும் ஒரு நோயே. இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின் மருத்துவரைக் காண்பது அவசியமாகும்.

மருத்துவர்கள் இதற்கு அளிக்கும் மருந்துகளுள் ஒன்று ஃபுளூவாக்செட்டின். 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மூளை நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் செரட்டோனின் என்னும் பொருள் விரைவில் திரும்ப உறிஞ்சப்படாமல் இது தடுக்கின்றது. திடீர்ப் பீதிக்கும், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்க்கும் இது பயன்படுகிறது.

இட்ட உரம் மறுநாளே பயிரில் தெரிவதில்லை. இம்மருந்தின் பயனும் இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலருக்கு ஆறு வாரங்களில்தான் புலப்படும். குமட்டல், தலைவலி, வாய் உலர்தல், உறக்கக் குறைவு ஆகியவையோ முதல் வாரத்திலேயே தோன்றும். பெரும்பாலும் பின்னர்த் தணிந்துவிடும். இல்லற நாட்டம் குறைதல் மட்டும் நீடிக்கக்கூடும். கூச்சமின்றி மருத்துவரிடம் கூறினால் மாற்று வழி உண்டு. நான் அறிந்த விவசாயி ஒருவர், தொல்லையைத் தவிர வேறொன்றும் காணோம் என்று பத்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். மனைவியார் வற்புறுத்தி மீண்டும் அழைத்துச் சென்றார். அவ்வாண்டு மஞ்சள் அறுவடையை அவரே முன்னின்று நடத்தினார்.

கவனிக்க வேண்டியவை சில உள. இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் மிகுதல் கூடும். வீட்டார் உடனிருத்தல் வேண்டும். பூச்சிமருந்தைப் பூட்டி வைத்தல் எவ்வயதினர்க்கும் நலம். வலி மாத்திரைகளுடன் சேரின் இரத்தக்கசிவு ஏற்படலாம்; மது அறவே ஆகாது. இம்மருந்து போதைப் பழக்கமன்று. எனினும், குணம் கண்டதும் நிறுத்தலாகாது. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். மருத்துவர் சீட்டின்றிக் கடையில் வாங்குதலும் கூடாது.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைப்பீர்களாக. பயிரைக் காப்பது போலவே பயிரிடுவோனையும் காப்பது நம் கடமையன்றோ!