மஞ்சள் கோடு

பெங்களூரு மெட்ரோ நிலையங்களின் நடைமேடை ஓரத்தில் நீண்ட மஞ்சள் கோடு ஒன்று செல்கிறது. வண்டிக்காகக் காத்திருப்போர் அக்கோட்டைத் தாண்டி நிற்கக் கூடாது என்று ஒலிபெருக்கி அடிக்கடி நினைவூட்டுகிறது. நாள்தோறும் கேட்டுப் பழகியதால் பலர் அந்த அறிவிப்பைக் காதில் வாங்குவதே இல்லை. அந்தக் கோடு எதற்காக இடப்பட்டது, யாரைக் காக்கிறது என்பதை அறிந்தவர்களோ யாரும் சொல்லாமலேயே அதற்குப் பின்னால் நிற்பார்கள். காரணம் தெரிந்த விதி சுமையாகத் தோன்றுவதில்லை.

அனைவருக்கும் உரிய ஊர்தி

'நம்ம' என்னும் சொல் கன்னடத்திலும் பேச்சுத் தமிழிலும் ஒரே பொருளைத் தருகிறது. பெங்களூரு மக்கள் தங்கள் மெட்ரோவை 'நம்ம மெட்ரோ' என்றே அழைக்கின்றனர். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே அதன் முதல் சேவை தொடங்கியது. தென்னிந்தியாவில் ஓடிய முதல் மெட்ரோ இதுவே. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள முதற்கட்டம் நிறைவு பெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை செல்லும் மஞ்சள் வழித்தடமும் திறக்கப்பட்டது.

ஊதா வழித்தடமும் பச்சை வழித்தடமும் சந்திக்கும் மெஜஸ்டிக் நிலையத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தால் நகரம் முழுவதும் அங்கே திரண்டிருப்பது போலத் தோன்றும். கணினி நிறுவன ஊழியர், கட்டடத் தொழிலாளர், பூக்கூடை சுமப்பவர், கல்லூரி மாணவர், கைக்குழந்தையுடன் வரும் தாய் எனப் பலரும் ஒரே வாயில் வழியாக நுழைகின்றனர். சிலர் பொது இடத்தை யாருக்கும் உரிமையில்லாத இடம் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது அனைவருக்கும் உரிமையுள்ள இடம். ஆகவே அங்கு நுழையும் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகளை மனத்தில் கொள்ள வேண்டும். தம் செயலால் பிறருடைய உடலுக்கோ தம் உடலுக்கோ ஊறு நேருமா என்பது முதல் கேள்வி. தம் செயலால் பிறருடைய மதிப்புக் குறையுமா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவது பாதுகாப்பைப் பற்றியது. இரண்டாவது மரியாதையைப் பற்றியது.

மூன்றாவது தண்டவாளம்

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும் மாணவர்கள் அங்குள்ள மெட்ரோவைப் பார்த்திருப்பார்கள். அந்த வண்டி தலைக்கு மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெறுகிறது. பெங்களூரு மெட்ரோவில் அத்தகைய கம்பி இல்லை. அப்படியானால் வண்டி எவ்வாறு ஓடுகிறது?

சக்கரங்கள் உருளும் இரண்டு தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் அமைக்கப்பட்டுள்ளது. அதில் 750 வோல்ட் அழுத்தமுள்ள நேர்திசை மின்சாரம் பாய்கிறது. வீடுகளில் பயன்படும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதுவே உயிரைப் பறிக்க வல்லது. வண்டி கண்ணுக்குத் தென்படாத வேளையிலும் மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் இருக்கும். அதனைப் பார்த்து அறியவும் முடியாது. கேட்டு அறியவும் முடியாது. வண்டிதான் வரவில்லையே, இறங்கி ஏறிவிடலாம் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதனால் விளங்கும்.

2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்திராநகர் நிலையத்தில் பயணி ஒருவருடைய கைப்பேசி தண்டவாளத்தில் விழுந்தது. அதனை எடுக்க அவர் கீழே இறங்கிவிட்டார். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட்டதால் அவர் உயிர் தப்பினார். ஏறத்தாழக் கால் மணி நேரம் வண்டிகள் நின்றன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பையப்பனஹள்ளி நிலையத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தவறித் தண்டவாளத்தில் விழுந்தது. நிலைய ஊழியர்கள் நொடியும் தாமதிக்காமல் அவசர மின்துண்டிப்புப் பொத்தானை அழுத்தினர். குழந்தை மீட்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உயிரைக் காத்தது ஊழியர்களின் விழிப்பே. ஆகவே பொருள் எதுவும் தண்டவாளத்தில் விழுந்தால் செய்யத்தக்கது ஒன்றே: அருகிலுள்ள ஊழியரிடம் தெரிவித்தல். அவர்கள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பாக எடுத்துத் தருவார்கள். தண்டவாளத்தில் நடப்பதை 2002ஆம் ஆண்டின் மெட்ரோ இரயில்வே சட்டம் குற்றமாகக் கருதுகிறது. நடைமேடையில் ஓடிப்பிடித்து விளையாடுவதும், தம்பி தங்கையின் கையை விட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்குவதும் ஆபத்தை அழைக்கும் செயல்கள்.

கோட்டின் மற்றொரு பணி

நிலையத்தின் தரையைக் கூர்ந்து நோக்கினால் மஞ்சள் நிற ஓடுகளில் புடைப்புகள் இருப்பதைக் காணலாம். சில ஓடுகளில் நீண்ட கோடுகள் உள்ளன. சிலவற்றில் வட்டப் புள்ளிகள் உள்ளன. இவை அழகுக்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. பார்வையற்றோர் கைத்தடியாலும் பாதத்தாலும் படிக்கும் எழுத்துகள் இவை. நீண்ட கோடு 'இவ்வழியே செல்க' என்கிறது. வட்டப் புள்ளி 'நில், முன்னே படியோ திருப்பமோ விளிம்போ உள்ளது' என்கிறது. மஞ்சள் நிறம், மங்கலான பார்வை உடையவருக்கும் எளிதில் புலப்படும்.

இந்த ஓட்டினைச் செய்இச்சி மியாகே என்னும் ஜப்பானியர் 1965ஆம் ஆண்டு உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் இது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று உலகின் பல நாடுகளில் இவ்வோடுகள் பயன்படுகின்றன.

பார்வையுள்ளவருக்கு எல்லைக்கோடாக இருப்பது பார்வையற்றவருக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறது. அந்த ஓடுகளின் மேல் பெட்டியை வைத்தாலோ, நண்பர்கள் வட்டமாக நின்று உரையாடினாலோ, பார்வையற்ற ஒருவருடைய பாதை அங்கேயே அறுந்துபோகும். எனவே மஞ்சள் கோட்டை விட்டு விலகி நிற்பது ஒரே நேரத்தில் பாதுகாப்பும் ஆகிறது, மரியாதையும் ஆகிறது.

உடையும் பயணச்சீட்டும்

விதிகள் மக்களைக் காப்பதற்காகவே உள்ளன. விதியின் பெயரால் ஒருவரை இழிவுபடுத்தினால் என்ன நேரும்? 2024ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இராஜாஜிநகர் நிலையத்தில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது.

முதிய உழவர் ஒருவர் மூட்டையைத் தலையில் சுமந்து நிலையத்திற்கு வந்தார். அவரிடம் பயணச்சீட்டு இருந்தது. மூட்டையில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லை. ஆயினும் அவருடைய உடை அழுக்காக இருந்ததால் பாதுகாப்புப் பணியாளர் அவரை உள்ளே விடவில்லை. அங்கிருந்த பயணி ஒருவர் இதனைக் கண்டு, எந்த விதியின்படி அவரைத் தடுக்கிறீர்கள் என்று கேட்டார். வேறு சிலரும் அவருக்குத் துணை நின்றனர். இறுதியில் உழவர் உள்ளே அனுப்பப்பட்டார். நிகழ்ச்சியின் காணொளி பரவியபின் மெட்ரோ நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பாதுகாப்பு மேற்பார்வையாளர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

பைகளைச் சோதிப்பது பாதுகாப்புக்குத் தேவையான விதி. தீப்பற்றும் பொருளும் வெடிபொருளும் பலருடைய உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆனால் அழுக்கான உடை யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நிலத்தில் உழைத்தவருடைய வேட்டியில் மண் படிவது இயல்பு. அந்தப் பயணி உரக்கச் சண்டையிட்டு வெல்லவில்லை. விதி எது என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு விடை இல்லாததால் தவறு தானே வெளிப்பட்டது. தமக்கு நேராத தீங்கிற்காகவும் பேசுவது பொது இடத்தில் காட்டத்தக்க மிக உயர்ந்த மரியாதை.

சிறு செயல்கள்

பொது இடத்தில் மரியாதை பெரும்பாலும் சிறு செயல்களில்தான் வெளிப்படும். வண்டியின் கதவு திறந்ததும் இறங்குவோருக்கு முதலில் வழிவிட வேண்டும். அவர்கள் இறங்கினால்தான் ஏறுவோருக்கு உள்ளே இடம் கிடைக்கும். மூடும் கதவின் இடையே பையை நுழைத்தால் கதவு மீண்டும் திறக்கும். அந்த வண்டி தாமதிக்கும். பின்னால் வரும் வண்டிகளும் அடுத்தடுத்துக் காத்து நிற்கும். முதுகில் மாட்டிய பள்ளிப்பை பின்னால் நிற்பவருடைய முகத்தில் இடிக்கலாம். அதனைக் கழற்றி முன்புறம் பிடித்துக்கொள்வது நல்லது. பாட்டோ விளையாட்டோ, ஒலி தம் காதுக்கு மட்டும் கேட்குமாறு இருக்க வேண்டும்.

முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கென ஒதுக்கிய இருக்கைகள் உள்ளன. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் எழுந்து இடம் தருவதே பண்பு. எல்லா நோயும் எல்லாக் குறைபாடும் வெளியே தெரிவதில்லை. இளையவர் ஒருவர் அந்த இருக்கையில் அமர்ந்திருந்தால் அவரைப் பழிக்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். தூய்மைப் பணியாளரும் காவலரும் நடத்துநரும் ஓட்டுநரும் தத்தம் பணியைச் செய்வதால்தான் பயணம் நடைபெறுகிறது. அவர்களை ஒருமையில் விளிக்காமல் 'ஐயா', 'அம்மா', 'அண்ணா', 'அக்கா' என அழைப்பது தமிழர் மரபு.

அஞ்சாமல் கூறுதல்

பெரியோரை மதித்தல் என்பது அவர்கள் செய்யும் தவற்றைப் பொறுத்துக்கொள்வது அன்று. கூட்டத்தைப் பயன்படுத்தி ஒருவர் தகாத முறையில் தொட்டாலோ, பின்தொடர்ந்தாலோ, அனுமதியின்றிப் படம் எடுத்தாலோ, அவர் எத்தனை வயதினராயினும் உரத்த குரலில் 'விலகுங்கள்' என்று கூறலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. உடனே பெற்றோரிடமோ சீருடை அணிந்த ஊழியரிடமோ தெரிவிக்க வேண்டும். தவறு செய்தவர் வெட்கப்பட வேண்டுமே தவிர, தவற்றுக்கு உள்ளானவர் அன்று. 112 என்னும் அவசர உதவி எண்ணையும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.

கூட்டத்தில் பெற்றோரைத் தவறவிட்ட குழந்தை அவர்களைத் தேடி அலையக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, சீருடை அணிந்த ஊழியரை அணுக வேண்டும். இதற்காகப் பெற்றோரின் கைப்பேசி எண்ணை மனப்பாடமாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அண்டை மொழி

மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயரை அறிவிக்கும்போது 'முந்தின நில்தாண' என்னும் தொடர் கேட்கும். தமிழில் 'முந்தின' என்றால் கடந்துபோன என்று பொருள். கன்னடத்திலோ அதற்கு 'முன்னால் வரவுள்ள', அதாவது 'அடுத்த' என்று பொருள். இதனை அறியாத தமிழ்ப் பயணி, இறங்க வேண்டிய நிலையம் கடந்துவிட்டதோ என்று கலங்கக்கூடும்! தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் பகரத்தில் தொடங்குகின்றன. 'வா' என்பது 'பா' ஆகிறது. 'விடு' என்பது 'பிடு' ஆகிறது. 'வாயில்' என்பதற்கு இணையான சொல் 'பாகிலு'. 'வலம்' என்பதற்கு இணையான சொல் 'பல'. ஆகவே 'பல' என்று கேட்டால் வலப்புறக் கதவு திறக்கும் என்று கொள்ள வேண்டும்.

ஓர் ஊரில் வாழ்வோர் அவ்வூரின் மொழியைக் கற்பது அம்மக்களுக்குச் செய்யும் மரியாதை. ஆபத்து நேரத்தில் அறிவிப்பைப் புரிந்துகொள்ள உதவுவதால் அது பாதுகாப்பும் ஆகும். மன்னிப்புக் கேட்க 'க்ஷமிசி', நன்றி கூற 'தன்யவாத' என்னும் இரு சொற்களை மட்டும் அறிந்தாலும் முகங்கள் மலரும். வீட்டில் தமிழைப் போற்றும் பிள்ளைகள், பிறர் தம் மொழியை எவ்வளவு நேசிப்பர் என்பதை எளிதில் உணர்வர்.

மெட்ரோவுக்குப் பொருந்தும் இவை மாநகரப் பேருந்துக்கும், மருத்துவமனைக்கும், கப்பன் பூங்காவிற்கும், அதனுள் அமைந்த மாநில மைய நூலகத்திற்கும் பொருந்தும். அங்கெல்லாம் மஞ்சள் கோடு தரையில் இல்லாமல் போகலாம். பிறருக்குத் தீங்கு தொடங்கும் இடத்தை அறிந்து, அதற்கு முன்பே நின்றுவிடும் பழக்கம் அங்கும் வேண்டும்.

சொற்பொருள்

ஊறு – தீங்கு
விளிம்பு – ஓரம்
புடைப்பு – மேடாக எழும்பிய பகுதி
விளித்தல் – அழைத்தல்
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

சிந்தித்து விடை எழுதுக

1. வண்டி வராத வேளையிலும் தண்டவாளத்தில் இறங்குவது ஆபத்தானது ஏன்?
2. கோடு கொண்ட ஓடும் புள்ளி கொண்ட ஓடும் பார்வையற்றோருக்கு உணர்த்துவன யாவை?
3. இராஜாஜிநகர் நிலையத்தில் பயணி எழுப்பிய கேள்வி எவ்வாறு பயன்பட்டது?
4. 'முந்தின' என்பது போலத் தமிழிலும் கன்னடத்திலும் வெவ்வேறு பொருள் தரும் சொற்களை வீட்டிலும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுத் தொகுக்க.