சோபா வரும் முன்னே

கடையில பார்க்கும்போது அளவாத் தெரிஞ்ச சோபா, வீட்டுக்கு வந்ததும் கூடத்தையே அடைச்சுக்கிட்டு நின்னா எப்படி இருக்கும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிப் பக்கத்துப் பழைய வீடோ, ராஜபாளையத்துல புதுசாக் கட்டின மாடி வீடோ, எதுவா இருந்தாலும், சோபாவை வாங்குறதுக்கு முன்னாலயே போன் திரை வழியா உங்க கூடத்துல நிறுத்திப் பார்க்கலாம். இதுக்குப் பேரு ஆக்மென்டட் ரியாலிட்டி. 2017-ல ஐக்கியாங்கிற பர்னிச்சர் நிறுவனம் இதுக்காகவே ஒரு செயலி கொண்டு வந்தது. இப்போ ஆன்லைன் கடைகள் சிலதுலயும் இந்த வசதி இருக்கு. போன் கேமராவைத் தரைப் பக்கம் காட்டினா, திரையில சோபா அசல் அளவுலயே வந்து நிக்கும். நீங்க சுத்தி நடந்தா, அதோட முதுகுப்பக்கம்கூடத் தெரியும்!

எப்படித் தெரியுமா? தரையில இருக்கிற கோடு, புள்ளி, கறையைக்கூட கேமரா அடையாளம் வெச்சுக்குது. போன் எவ்வளவு நகருதுன்னும் சேர்த்துக் கணக்குப் போட்டு, தரை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்குது. அதனாலதான் பளபளன்னு ஒரே நிறத்துல டைல்ஸ் போட்ட தரையில அது தடுமாறும். கவலை வேண்டாம்! லைட்டைப் போட்டு, கட்டம் போட்ட ஜமுக்காளம் ஒண்ணை விரிச்சுட்டுப் பாருங்க. சட்டுன்னு பிடிச்சுக்கும்.

ஒண்ணே ஒண்ணு, கூடத்துல சோபா பொருந்துமான்னுதான் போன் காட்டும். வாசல் நிலையிலயும் மாடிப்படி திருப்பத்துலயும் அது நுழையுமான்னு டேப்பை வெச்சு நீங்கதான் அளந்து பார்த்துக்கணும்.