உங்களுக்குத் தெரியுமா? கரிசலும் மணிச்சத்தும்

புரட்டாசி பிறந்துவிட்டால் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கமெல்லாம் அடியுரப் பேச்சுதான். டி.ஏ.பி. கிடைத்ததா, சூப்பர் போடலாமா, காம்ப்ளக்ஸ் போதுமா? அந்த மூட்டையில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) பயிருக்கு எட்டுமா என்பது, அதோடு மண்ணில் எந்த உப்பு சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

● கரிசலைத் தோண்டினால் வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான் கல் வேறொன்றும் இல்லை, கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்புதான். அதை நுணுக்கி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். மண்ணில் நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டதும் பொங்கினால் அது சுண்ணாம்பு மண்.

● யூரியா கரைந்து ஈரத்தோடு இறங்கும். மணிச்சத்துக்கு அந்த ஓட்டம் கிடையாது. உரக் குருணையைச் சுற்றி ஓரிரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். மேலாக வீசினால் மேல்மண்ணோடு காய்ந்து கிடக்கும். அதனால்தான் விதைக்குச் சற்றுத் தள்ளி, கொஞ்சம் ஆழமாக, சாலுக்குள் போடச் சொல்கிறார்கள்.

● சூப்பர் பாஸ்பேட் குருணை ஈரம் இழுத்துக் கரையும்போது கசியும் நீரின் அமில கார எண் (pH) சுமார் 1.5. எலுமிச்சைச் சாற்றைவிடப் புளிப்பு! அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கத்தான் செய்யும். ஆனால் கரைந்து வெளிவரும் கால்சியமே மணிச்சத்தைப் பிடித்து உறைய வைத்துவிடும். டி.ஏ.பி. கரைசலோ லேசான காரம், அதன் எண் 8-ஐ ஒட்டி இருக்கும்.

● மழை பெய்து பல நாள் கழித்து மண்ணைக் கிளறினால் சூப்பர் குருணை நமத்துப்போய் அப்படியே கிடக்கிறதா? ‘உரம் கரையவே இல்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மணிச்சத்தில் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஜிப்சம், கூடவே எளிதில் கரையாத கொஞ்சம் கால்சியம் பாஸ்பேட்.

● கொச்சியின் ஃபேக்ட் நிறுவனம் தயாரிக்கும் 20:20:0:13 காம்ப்ளக்ஸ் உரத்தில் 40 பங்கு அம்மோனியம் பாஸ்பேட், 60 பங்கு அம்மோனியம் சல்பேட். அம்மோனியத்தை உறிஞ்சும் வேர், பதிலுக்கு அமிலத்தை வெளிவிடும். வேரை ஒட்டிய மண்ணில் காரம் தணிந்து, உறைந்த மணிச்சத்து கொஞ்சம் இளகும். அம்மோனியமும் மணிச்சத்தும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் இந்தப் பலன்.

● சோடியம் மிகுந்த களர் மண்ணில் கரைந்த நிலையில் மணிச்சத்து கூடுதலாக இருக்கும். சோடியம் பாஸ்பேட் எளிதில் கரையும் என்பதே காரணம். அதற்காகத் தூத்துக்குடி உப்பை வயலில் கொட்டிவிடாதீர்கள்! சோடியம் ஏறினால் கரிசல் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிலமே கெட்டுவிடும்.

● ஆனால் மண் பரிசோதனைக் கூடத்தில் நடப்பது அந்தச் சோடியம் உப்பு வித்தைதான். அமெரிக்க விஞ்ஞானி ஓல்சன் குழுவினர் 1954-இல் வெளியிட்ட முறையில், மண்ணைச் சோடியம் பைகார்பனேட் கரைசலில் குலுக்குவார்கள். நம் வீட்டு ஆப்பசோடாவும் அதே உப்புதான். அது கால்சியத்தைக் கார்பனேட்டாகப் படிய வைக்க, விடுபட்ட மணிச்சத்து கரைசலுக்கு வந்துவிடும். சுண்ணாம்பு மண்ணுக்கு இன்றும் இதுதான் முறை.

● மக்காச்சோளத்துக்குத் துத்தநாக சல்பேட் போடுகிறீர்களா? டி.ஏ.பி., சூப்பரோடு கலக்காதீர்கள். துத்தநாகமும் மணிச்சத்தும் சேர்ந்து கரையாத துத்தநாக பாஸ்பேட் ஆகிவிடும். மணலோடு கலந்து தனியாகத் தூவுங்கள்.

● தென் ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்திலும் கோதுமை நிலங்கள் கடுஞ் சுண்ணாம்பு மண்தான். அங்கே குருணை உரத்தைவிடத் திரவ மணிச்சத்து நல்ல விளைச்சல் தந்தது. குருணை சுற்றியுள்ள ஈரத்தைத் தன் பக்கம் இழுப்பதால், வெளியேற வேண்டிய மணிச்சத்து எதிர்நீச்சல் போட்டு, அங்கேயே உறைகிறது என்று கண்டார்கள்.

● கொண்டைக்கடலை வேர் சிட்ரிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து, கால்சியத்தின் பிடியிலுள்ள மணிச்சத்தைத் தானே கரைத்துக்கொள்ளும். எல்லாப் பயிருக்கும் இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

● கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. அது இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. மானாவாரிக்குப் பல்கலைக்கழகம் சொல்லும் எளிய வழி ஊட்டமேற்றிய தொழுவுரம். எக்டேருக்கு 750 கிலோ தொழுவுரத்தில், போட வேண்டிய மணிச்சத்தைக் கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, விதைப்பின்போது இடவேண்டும். எருவின் அமிலங்கள் மணிச்சத்தைச் சுண்ணாம்பிடம் எளிதில் சிக்க விடாது.

● உளுந்து, பாசி பூக்கும்போதும், 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலை இலைமேல் தெளித்தால் சுண்ணாம்புத் தொல்லையே இல்லை. 10 லிட்டருக்கு 200 கிராம். முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

● ஓல்சன் முறையில் எக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைந்தால் மணிச்சத்து ‘குறைவு’, 22-க்கு மேல் போனால் ‘அதிகம்’. உங்கள் மண் அட்டையில் ‘அதிகம்’ என்று இருந்தால், அடுத்த விதைப்புக்கு டி.ஏ.பி. மூட்டையைக் குறைத்துக்கொள்ளலாம்.