சுரத்துக்கு அருகில் நிற்க வேண்டியது எது?

இசையை அச்சிடும் கலை – 9

அச்சிட்ட இசைத்தாளில் சுரத்தின் குறியீடு எந்த ஒலி எழ வேண்டும் என்பதைக் கூற, அதனைச் சூழ்ந்து நிற்கும் சிறு குறிகள் அவ்வொலியைத் தொடுவதும் அசைப்பதும் விடுவிப்பதும் எவ்வாறு என்பதைக் கூறுகின்றன. இக்குறிகளின் பொருள் வடிவத்தோடு முடிந்துவிடுவதில்லை. நிற்கும் இடமும் அப்பொருளின் ஒரு பாதியாகும். ஐந்து கோடுகளின்மீது எழுதும் ஐரோப்பிய முறையில் இதற்குத் தெளிவான சான்று உண்டு. முட்டை வடிவான சுரத்தலைக்கு மேலோ கீழோ வைக்கப்படும் புள்ளி, ஒலியைச் சுருக்கி வெட்டி விடுவிக்கும் ஸ்டக்காட்டோவைக் குறிக்கிறது. அதே புள்ளி சுரத்தலையின் வலப்புறம் வைக்கப்பட்டால் சுரத்தின் கால அளவு பாதி கூடிவிடுகிறது.

ஆகவே, உலோகத் தகட்டில் இசையைச் செதுக்கிய ஐரோப்பியக் கைவினைஞர் குறிகளுக்கு இடம் வகுப்பதில் நுணுக்கமான மரபை வளர்த்தனர். சுரத்தின் தண்டு மேல்நோக்கி நின்றால் ஸ்டக்காட்டோப் புள்ளி சுரத்தலையின் கீழும், தண்டு கீழ்நோக்கி நின்றால் மேலும் வருவது பொதுவிதி. ஒரே ஐங்கோட்டில் இரு குரல்கள் எழுதப்படும்போது மட்டும் எந்தக் குறி எந்தக் குரலுக்குரியது என்ற ஐயம் எழாதவாறு அது தண்டின் பக்கத்துக்கு மாறுகிறது. ஐங்கோட்டுக்குள் வரும் புள்ளி கோட்டின்மீது விழுந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளியில் வைக்கப்படுகிறது. பல சுரங்களைப் பிணைக்கும் ஸ்லர் என்னும் வளைகோட்டுக்கும் சுரத்தலைக்கும் நடுவே அப்புள்ளி நிற்கிறது. ஒரு சுரத்துக்கே உரியது அதனை ஒட்டியும், பல சுரங்களுக்குப் பொதுவானது அதற்கு வெளியேயும் நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

தமிழகத்தில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இல் சென்னையில் வெளியிடத் தொடங்கிய நூலில் கருநாடக இசை உருப்படிகளை ஐங்கோட்டு முறையில் பதிவுசெய்தார். அவரது தூண்டுதலையும் எட்டயபுர அரசரின் ஆதரவையும் பெற்ற சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சாகி வெளிவந்த 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யில் சுர எழுத்துகளைக் கைவிடாமல், சுரத்தை அசைத்தும் வழுக்கியும் அழுத்தியும் இசைக்கும் கமகங்களுக்குத் தனிக் குறிகளை அமைத்தார். அலைகோடு கம்பிதத்தையும், சாய்கோடு அதன் சாய்வுக்கேற்ப ஏற்ற ஜாருவையும் இறக்க ஜாருவையும் குறித்தன. ஏறும் இரட்டைச் சுரங்களில் வரும் ஸ்புரிதத்துக்கு மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று புள்ளிகள். இறங்குவனவற்றில் வரும் பிரத்யாகதத்துக்கு அவையே தலைகீழாக மேலே இரண்டும் கீழே ஒன்றும். அச்சுக்கோப்பவர் அந்தச் சிறு ஈய அச்சைத் தலைமாற்றிச் செருகினால் ஒரு கமகம் மற்றொன்றாகிவிடும்.

சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் இந்நூலைத் தமிழ் எழுத்தில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. தமிழ் எழுத்தில் சுரங்களை அச்சிடுவோர்க்கு ஓர் இடர் கூடுதலாக உண்டு. மேல் ஸ்தாயியைக் காட்டச் சுரத்தின் தலையில் வைக்கும் புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளியாகவே தோன்றுகிறது; மேல் ஸ்தாயி 'ஸ', பார்வைக்கு 'ஸ்' ஆகிறது. காலத்தின் வேகத்தை இரட்டிக்கும் மேற்கோடும், கமகக் குறியும், 'ரி', 'நி' ஆகியவற்றின் மேலெழும் கொக்கியும் அதே சிறு வெளிக்குப் போட்டியிடுகின்றன. சுரத்தின் இயல்பைக் காட்டும் ஸ்தாயிப் புள்ளியை எழுத்தை ஒட்டியும், கமகக் குறியை அதற்கு மேலும், பல சுரங்களுக்குப் பொதுவான காலக்கோட்டை எல்லாவற்றுக்கும் வெளியேயும் வைத்தால் இந்நெரிசல் நீங்கும். கணினி எழுத்துருக்களிலோ, தமிழ் எழுத்தோடு சேர்க்கும் புள்ளி உரிய இடத்தில் அமராமல் விலகிவிடுவதுண்டு. அச்சுக்கு முன் ஒவ்வொரு சுரத்தையும் கண்ணால் சரிபார்ப்பது அதனால் தவிர்க்க முடியாததாகிறது.

கொங்கு நாட்டுக்கும் இக்குறிச் சிக்கல் தொலைவான செய்தியன்று. கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் வளர்த்த இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், 'முருகா முருகா' என்னும் சாவேரிக் கீர்த்தனை உள்ளிட்ட பல பாடல்களை இயற்றினார். கமகத்தால் உருப்பெறும் சாவேரி போன்ற இராகத்தில், குறியில்லாத சுர எழுத்துகள் பாடலின் எலும்புக்கூட்டை மட்டுமே தருகின்றன. இடம் தவறிய குறியோ, அசைவை அடுத்த சுரத்துக்கு மாற்றிவிடுகிறது.

அதே வளாகத்தில் இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வித் துறை இயங்குகிறது. பார்வையற்றோர் விரலால் படிக்கும் பிரெய்ல் இசைமுறையில் எல்லாம் ஒரே வரிசையில் செல்வதால் சுரத்துக்கு மேல், கீழ் என்ற இடங்களே இல்லை. எனினும் அங்கும் ஸ்டக்காட்டோக் குறி சுரத்துக்கு முன்பே வருகிறது. ஸ்தாயிக் குறியோ சுரத்தை ஒட்டியே நின்றாக வேண்டும். மேலும் கீழுமாக அமைந்த அடுக்கு இங்கே முன்னும் பின்னுமான வரிசையாகிறது. சுரத்தின் இயல்புக்கு உரியது சுரத்துக்கு மிக அருகில் என்ற நெறி மட்டும் மாறுவதில்லை. குறிகளைப் புதிதாக வகுக்க முனைவோர் வடிவத்தைத் தேர்வதற்கு முன் இந்த அண்மை வரிசையை முடிவுசெய்துகொள்வது பயன் தரும்.

தாளப் பிரிவுகளைக் காட்டும் கோடுகள் அடுத்த இதழில் ஆராயப்படும்.