கூடையை விட்டு எழாத கோழி

பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோள விவசாயியின் வீடாயினும், அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பகுதிகளின் தறிவீடாயினும், பின்புறத்தில் நான்கு நாட்டுக்கோழிகள் மேய்வதைக் காணலாம். தறிக்கூலி தாமதமாகும் வாரத்திலும், வெள்ளாமை வீடு வந்து சேராத மாதத்திலும் இல்லத்தரசியின் சிறுவாட்டுப் பணத்துக்கு இவையே ஆதாரம். ஆகவே, முட்டையிட்டு வந்த கோழி திடீரெனக் கூடையிலேயே படுத்து எழ மறுப்பது அற்ப விஷயமன்று. அவ்வேளையில் சிலர் அதனைத் தண்ணீரில் முக்குகின்றனர். வேறு சிலர் அதன் மூக்கில் இறகைச் செருகுகின்றனர். காரணம் அறியாது செய்யும் இச்செயல்கள் கோழியைத் துன்புறுத்துவன. நோயுற்ற கோழியாயின் அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெரும்பாலும் காரணம் அடை உணர்ச்சியே. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரக்கும்போது, கோழி முட்டையிடுவதை நிறுத்தி அடைகாக்க முற்படுகிறது. அமெரிக்க விஞ்ஞானி ஆஸ்கார் ரிடிலும் அவர்தம் துணைவர்களும் 1935-இல் கோழிகளுக்கு இப்பொருளைச் செலுத்தி இதனை மெய்ப்பித்தனர். இருண்ட மூலை, மெத்தென்ற வைக்கோல், நாள்தோறும் எடுக்கப்படாது சேரும் முட்டைகள் ஆகியன இவ்வுணர்ச்சியைத் தூண்டும். முட்டைக்கெனத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வெள்ளை லெகார்னில் இக்குணம் பெரிதும் மறைந்துவிட்டது. நமது சிறுவிடைக் கோழியிடம் அது குறைவின்றி உள்ளது.

அடைக்கோழியை அறிவது எளிது. கையை நீட்டினால் சிறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். மார்பின் இறகுகளை உதிர்த்து வெற்றுத்தோலை முட்டையோடு சேர்த்துப் படுக்கும். நாளைக்கு ஓரிரு முறை எழுந்து, இரை தின்று, மிகுதியாக எச்சமிட்டு, விரைவில் திரும்பிவிடும். இதற்கு மாறாக, கண்களை மூடிச் சோர்ந்து, தொட்டாலும் எதிர்க்காது கிடப்பின் அது நோயே. வாலை ஆட்டி முக்கிக்கொண்டேயிருப்பின் முட்டை உள்ளே சிக்கியிருக்கக்கூடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் என ஐயுற்று, உடனே பிற கோழிகளிடமிருந்து பிரித்து, கால்நடை மருந்தகத்தை நாட வேண்டும்.

குஞ்சு வேண்டுமாயின் அடைக்கு வைக்கலாம். ஒரு கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் போதும். அவை ஒரு வாரத்துக்கு மேற்படாதவையாக இருத்தல் நன்று. கோடையில் இன்னும் புதியவையே தகும். பேனும் செள்ளும் உள்ளனவா என முன்னதாகவே பார்த்து நீக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கொளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்துக் கருவற்றவற்றை அகற்றலாம். தீனியும் தண்ணீரும் அருகில் இருப்பின், 21-ஆம் நாள் குஞ்சு வெளிவரும்.

குஞ்சு வேண்டாவிடில், முட்டைகளையும் வைக்கோலையும் அகற்றிவிட்டு, அடியில் காற்றுப் புகும் கம்பிக்கூண்டில், வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாட்கள் கோழியை வைத்தல் போதும். வயிற்றுப்புறம் குளிர, அடை உணர்ச்சி தணியும். அக்காலத்தில் பட்டினி போடலாகாது.

இரண்டில் எது இலாபம்? நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் ஏறத்தாழ 12 முதல் 15 முட்டைகள் இடும். அடைகாக்கும் மூன்று வாரமும், குஞ்சுகளோடு திரியும் இரண்டு மூன்று மாதமும் முட்டை இராது. ஒரு மாதத்தில் குஞ்சுகளைப் பிரித்து விளக்குச்சூட்டில் வளர்த்தால், தாய் விரைவில் மீண்டும் முட்டையிடும். நான்கு கோழிகள் உள்ள இல்லத்தில் ஒன்றை அடைக்கு விட்டு, மற்றவற்றை முட்டைக்கு நிறுத்துவதே சிறந்தது என்பது நமது கருத்து. ஒருவர் வீட்டு அடைக்கோழியில் அண்டை வீட்டார் முட்டையை வைத்துக் குஞ்சுகளைப் பங்கிட்டுக்கொள்வதும் நலமே. கூட்டுறவு என்பது இதுவேயன்றோ!

ஐயம் ஏற்படின், வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அங்கத்தினர்கள் அணுகலாம். கோழி கூடையை விட்டு எழாத அன்றே அதன் கண்ணையும் எச்சத்தையும் கவனித்துவிடுவது எல்லாவற்றினும் முதற்கடமையாகும்.