கடுங்கார மிளகாயை விதையிலிருந்து வளர்த்தல்

மிளகாய் விதைத்தால் ஏழு முதல் பத்து நாளில் முளை தோன்றும் என்பது கமக்காரர் அறிந்ததே. எம்.ஐ. 2 போன்ற இனங்களைப் பல போகங்களாகச் செய்தவர்களுக்கு இது மனத்திற் பதிந்துவிட்ட கணக்கு. ஆயின், இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களுக்குரிய கடுங்கார மிளகாய் இக்கணக்குக்கு அடங்குவதன்று. அது முளைக்க இரண்டு கிழமை முதல் நான்கு கிழமை வரை செல்லும். சிலபோது அதனிலும் கூடும். இதனை அறியாது பத்தாம் நாளில் நாற்றுமேடையைக் கிளறிப் பார்ப்பவர், விதை பழுதென்று எண்ணி மேடையைக் கொத்திவிடுவர். பணங்கொடுத்து வாங்கிய நல்ல விதை இவ்வாறு மண்ணோடு போகின்றது. இப்பயிரில் ஊதியமும் இழப்பும் பெரும்பாலும் விதையையும் நாற்றையும் பேணும் முறையிலேயே தங்கியுள்ளன. ஆதலின், இப்பிரசுரம் அவற்றையே விரித்துக் கூறுகின்றது.

இம்மிளகாய் யாது?

அசாமில் இது பூத் ஜொலோக்கியா எனப்படும். ஜொலோக்கியா என்பது அசாமிய மொழியில் மிளகாயைக் குறிக்கும் சொல். நாகாலாந்தில் இதனை நாகா மிர்ச்சா என்றும், அரசமிளகாய் எனப் பொருள்படும் ராஜா மிர்ச்சா என்றும் அழைப்பர். நாகாலாந்தின் நாகா மிர்ச்சா 2008 ஆம் ஆண்டில் இந்தியாவிற் புவிசார் குறியீடு பெற்றது.

காரத்தை அளக்கும் முறையை 1912 ஆம் ஆண்டில் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்கர் வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரிற் கரைத்துக் காரம் நாவுக்குப் புலப்படாது போகும்வரை நீர்க்கச் செய்வதே அம்முறை. இக்காலத்திற் கருவிகொண்டு அளப்பினும் அலகு அவர் பெயராலேயே வழங்குகின்றது. பூத் ஜொலோக்கியா 1,001,304 ஸ்கோவில் அலகு கொண்டதெனக் கின்னஸ் சாதனைப் பதிவேட்டில் 2007 ஆம் ஆண்டில் இடம்பெற்றது. 2011 ஆம் ஆண்டு முதல் வேறு மிளகாய்கள் இதனை விஞ்சியுள்ளன.

நாம் செத்தலுக்காகச் செய்யும் மிளகாய் கப்சிக்கம் அன்னுவம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. இது கப்சிக்கம் சைனென்சே என்னும் வேறினம். சிங்களத்தில் நை மிரிஸ் எனப்படும் நம் நாட்டு மிளகாயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆகவே, கீழ்க்கூறும் முறைகள் அதற்கும் பொருந்தும்.

காரம் எங்கே உள்ளது?

விதையே காரத்தின் இருப்பிடம் எனப் பலர் எண்ணுவர், அது சரியன்று. காரப்பொருள் சுரப்பது, விதைகள் ஒட்டிநிற்கும் வெண்ணிறச் சூல்வித்தகத்திலாகும். விதையிற் காணப்படும் காரம் அதிலிருந்து படிந்ததே. கடுங்கார இனங்களிலோ காயின் உட்சுவரிலும் காரப்பொருட் சுரப்பிகள் உண்டு. இவ்வினங்களின் மிகுகாரத்துக்கு அதுவே காரணம்.

இனம் ஒன்றேயாயினும் காலநிலைக்கேற்பக் காரம் வேறுபடும். அசாமிலுள்ள தேஸ்பூரில் விளைந்ததைவிட, வறண்ட குவாலியரில் விளைந்த இம்மிளகாயிற் காரம் பெரிதும் குறைந்திருந்தது. இதன் தாயகம் ஈரமும் வெப்பமும் கலந்த மலையடி நாடு. நாகாலாந்திலே காடழித்துச் செய்யும் சேனை நிலங்களிற் சற்று நிழல் விழும் இடங்களில் இது நன்கு வளர்கின்றது. எனவே, கடும் வெயிலும் வறள்காற்றும் படும் திறந்த மேட்டுநிலம் இதற்கு ஏற்றதன்று.

விதை பெறுதல்

வெளிநாட்டு விதையை அஞ்சலிலோ பயணப் பையிலோ அனுமதியின்றிக் கொணர்தல் கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விதை இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். இது வெறும் சட்டக் கட்டுப்பாடன்று. பற்றீரியா இலைப்புள்ளி நோய், காயழுகல் நோய், புகையிலைத் தேமல் நோய் ஆகியன விதையோடு வரத்தக்கவை. ஒருவர் கொணரும் ஒரு பிடி விதையால் ஊரின் மிளகாய்த் தோட்டம் முழுவதும் கெடலாம்.

நம்பத்தக்க இடத்திற் பெற்ற விதையையும் உடனே பெருநிலத்துக்கென வாங்குதல் தகாது. மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,840 கன்றுகள் வேண்டும். நூற்றுக்கு அறுபது வீதம் முளைக்குமாயின் அதற்கு 8,000 விதைக்கு மேற் செல்லும். முதன்முறை செய்பவர் நூறு விதை வாங்கி ஐம்பது கன்றுடன் தொடங்குதல் நன்று. விளைவை வாங்குவோர் உளரா என்பதையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். வீட்டுக் கறிக்கு ஓரிரு காய்களே போதுமாதலின், ஊர்ச்சந்தையில் இது மூட்டைக் கணக்கில் விலைபோகாது.

முளைக்க வைத்தல்

1. விதையை இளஞ்சூடான நீரில் ஓரிரவு ஊறவைக்க.

2. நன்கு பிழிந்த ஈரத்துணியிற் பரப்பி மடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க. துணியில் ஈரம் இருத்தல் வேண்டும். நீர் சொட்டுதல் ஆகாது.

3. பாத்திரத்தை வெப்பமான இடத்தில் வைக்க. 25 முதல் 30 பாகை செல்சியசு வெப்பம் ஏற்றது. மலைநாட்டில் இரவுக் குளிர் படாதவாறு அடுப்பங்கரையை அடுத்து வைக்கலாம். அடுப்பின்மேல் வைத்தல் கூடாது.

4. ஏழாம் நாள் முதல் இரண்டு நாளைக்கொருமுறை திறந்து காற்றுப்படச் செய்து பார்க்க. வெண்முளை சிறிது நீட்டியவற்றை மாத்திரம் எடுத்து ஊன்றுக. ஏனையவற்றை மீண்டும் மூடி வைக்க.

5. முப்பது நாள் செல்லாமுன் எவ்விதையையும் பழுதென்று எறிதல் கூடாது. பூஞ்சணம் பிடித்தவற்றை மட்டும் உடனே அகற்றுக.

இம்முறையால் மண்ணைக் கிளறாமலே முளையைக் காணலாம். முளைத்ததற்கு மாத்திரம் இடமும் மண்ணும் செலவாகும்.

நாற்று வளர்த்தல்

விதை விலையுயர்ந்தது, ஆதலின் மேடையிற் பரவலாக விதைத்தலினும் சிறு பைகளிலோ தட்டுகளிலோ ஒவ்வொன்றாக ஊன்றுதலே சிறந்தது. மேல்மண்ணையும் நன்கு உக்கிய கூட்டெருவையும் சம அளவிற் கலந்து நிரப்புக. கால் அங்குல ஆழத்தில் முளையை ஊன்றி மெல்லிய மண்ணால் மூடுக. மேடையே அமைப்பின், அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்துத் தொற்றுநீக்கிய பின்னரே விதைக்க வேண்டும்.

நாற்று மடிவதற்குப் பெருங்காரணம் நாற்றழுகல். அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து கன்று சாய்ந்துவிடும். இதற்கு மருந்தைத் தேடுமுன் நீரைக் குறைத்தல் வேண்டும். காலையில் மாத்திரம் நீர் தெளிக்க. மேல்மண் சிறிது உலர்ந்த பின்னரே மறுமுறை தெளிக்க. முதல் மூன்று கிழமை கிடுகு நிழல் அமைத்துப் படிப்படியாக வெயிலுக்குப் பழக்குக. பூச்சி புகாத நுண்வலையால் நாற்றை மூடினால், இலைச்சுருளலுக்குக் காரணமான பனிப்பூச்சி, சிற்றுண்ணி, வெண் ஈ ஆகியவற்றின் தாக்குதல் குறையும். புகையிலை கையாண்டவர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்பே நாற்றைத் தொடவேண்டும்.

சாதாரண மிளகாயை ஒரு மாதத்தில் நடுகின்றோம். இம்மிளகாய் இளமையில் மெல்ல வளர்வதாதலின், எட்டுக் கிழமை நாற்றாக இருத்தல் வேண்டும்.

நடுகையும் பராமரிப்பும்

பகல் வெப்பம் 32 பாகைக்கு மேற் செல்லுங்காற் பூ உதிரும். ஆகவே, பூக்குங் காலம் குளிர்ந்த மாதங்களில் அமையுமாறு காலத்தைக் கணித்தல் வேண்டும். உலர்வலயத்தில் ஆடிக் கடைசியில் விதையை ஊறவைத்து, ஐப்பசியில் நட்டால், தை மாதமளவிற் பூக்கும். மாசி பங்குனியிற் பழம் கிடைக்கும். விதை நனைத்த நாளிலிருந்து பழம் பறிக்க ஆறு மாதத்துக்கு மேலாகும் என்பதை நினைவிற் கொள்க. அத்தனை காலம் நிலத்தை ஒதுக்க இயலாதவர் இதனை வீட்டுத்தோட்ட ஓரங்களிற் செய்யலாம்.

கார்த்திகை மழையில் வேர் அழுகாதவாறு அரையடி உயரப் பாத்தியும் வடிகாலும் வேண்டும். கத்தரி, தக்காளி, புகையிலை ஆகியன செய்த நிலத்தில் உடனே நடுதல் கூடாது. யூரியாவை மிகுதியாக இட்டால் இலை தழைக்கும், பூ குறையும். மண்ணைப் பரிசோதித்துப் பசளை இடுதலே முறை. கன்றுக்குச் சிறு முட்டுக்கால் நாட்டுக. காய்ப்பாரத்தாற் கிளை முறிவதுண்டு.

அறுவடையும் காவலும்

காய் முழுதும் சிவந்தபின் காம்புடன் பறிக்க. பறிப்போரும் வெட்டுவோரும் இறப்பர்க் கையுறையும், உலர்ந்த காயைக் கையாளுங்கால் முகக்கவசமும் கண்ணாடியும் அணிதல் வேண்டும். காரப்பொருள் நீரிற் கரையாது, எண்ணெயிற் கரையும். ஆதலின், கையெரிவுக்கு முதலில் எண்ணெய் பூசித் துடைத்துப் பின்னர்ச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கண்ணிற் பட்டால் எண்ணெய் இடலாகாது; நிறைந்த நீராற் கழுவி மருத்துவரை நாடுக. குழந்தைகளுக்கு எட்டும் இடத்திற் காயை வைத்தல் கூடாது.

விதை எடுத்தல்

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே சூற்கொள்ளும். எனினும் தேனீ முதலியன அயற்செடியின் மகரந்தத்தைக் கொணரும். எம்.ஐ. 2 அருகில் நின்றால் இவ்வாண்டின் காய் மாறாது. அதன் விதையிலிருந்து அடுத்த ஆண்டு முளைக்கும் செடியே மாறும். அப்பொழுதுதான் காரம் குறைந்ததென்று கமக்காரர் வருந்துவர். இதனைத் தவிர்க்க, நோயற்ற சிறந்த செடியில் மொட்டு விரியுமுன் ஒரு கிளையை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுக. நாள்தோறும் அக்கிளையை மெதுவாகத் தட்டிவிட, மகரந்தம் உதிரும். பிஞ்சு பிடித்ததும் பையை அகற்றி, அக்காய்களுக்கு நூல்கட்டி அடையாளமிடுக.

நன்கு பழுத்தபின் விதையைப் பிரித்து, நிழலிற் காற்றோட்டமாக உலர்த்துக. சீமெந்துத் தரையிற் கடும் வெயிலில் உலர்த்தினால் முளைதிறன் கெடும். உலர்ந்த விதையைக் காற்றுப்புகாத போத்தலில் இட்டு, இனத்தின் பெயரையும் திகதியையும் எழுதிக் குளிர்ந்த இடத்தில் வைக்க. சாதாரண அறையில் ஓரிரு ஆண்டுக்கு மேல் வைத்தல் நன்றன்று.

இவ்வாறு தம் விதையைத் தாமே பேணுபவர் மறு ஆண்டு விதைக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. தாம் விதைப்பது இன்னதென்றும் ஐயமற அறிவர். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.